மேசையில் விடப்படாத இதழ்

ஒரு பத்திரிகையை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கண்டறிய அந்த நகர நூலகம் கடைப்பிடித்த முறை, அறிவியலின் எளிமையும் நிர்வாகத்தின் உறுதியும் ஒருங்கே வாய்க்கப்பெற்றது. பத்திரிகைப் பிரிவின் ஒவ்வொரு மேசையிலும், ‘படித்த இதழ்களை அடுக்கில் வைக்க வேண்டாம், மேசையிலேயே விட்டுச் செல்லவும்’ என்று அச்சிட்ட அட்டை ஒட்டப்பட்டிருந்தது. நண்பகலில் ஒரு முறையும் மாலை ஐந்து மணிக்கு ஒரு முறையும் பிரிவு உதவியாளர் தள்ளுவண்டியுடன் புறப்பட்டு, மேசைகளில் கிடக்கும் இதழ்களைச் சேகரித்து, பதிவேட்டில் ஒவ்வொன்றின் பெயருக்கு நேராகவும் ஒரு கோடு போடுவார். கோடு இருந்தால் வாசகர் உண்டு. கோடு இல்லையென்றால் வாசகர் இல்லை. அவரே நேரில் வந்து நின்று வணக்கம் சொன்னாலும் இல்லை.

இம்முறையின்படி அங்கே மிக அதிகமாகப் படிக்கப்பட்ட வெளியீடு, பாய்மரப் படகோட்டிகளுக்கான காலாண்டிதழ் ஒன்று. கடலோ அந்நகரத்திலிருந்து இரண்டு நாள் பயணத் தொலைவில் இருந்தது. ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் நாள்தோறும் காலையில் வந்து, சன்னலோரச் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, அகலமும் கனமும் தோதாக அமைந்த அந்த இதழை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு நண்பகல்வரை உறங்குவார். எழுந்ததும் அதை மேசையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார். பிற்பகலில் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து உறங்குவார். ஆக, நாளொன்றுக்கு இரண்டு கோடுகள். ஊழியர்கள் அவரை ‘மாலுமி’ என்று அழைத்தார்கள். ‘நகர மக்களிடையே பெருகிவரும் கடல்சார் ஆர்வம்’ என்னும் தலைப்பில் நூலகத்தின் ஆண்டறிக்கை ஒரு பத்தியை ஒதுக்கியது. மேலும் இரண்டு படகு இதழ்கள் தருவிக்கப்பட்டன. மாலுமி அவற்றைக் கழுத்துக்கு அணையாக வைத்துக்கொண்டார்.

மிகக் குறைவாகப் படிக்கப்பட்டது ஓர் ஒளிப்பட மாத இதழ். பதினோரு ஆண்டுகளில் அதற்கு விழுந்த கோடு ஒன்றுகூட இல்லை.

அந்தப் பதினோரு ஆண்டுகளும் அதை ஒருவர் விடாமல் படித்து வந்தார். அவர் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் சேத மதிப்பீட்டாளர். மோதி நசுங்கிய வண்டிகளைப் படமெடுத்து அறிக்கை எழுதுவது அவருடைய பணி. கறுப்பு வண்டியின் கதவில் வானம் பிரதிபலித்தால் நசுங்கல் படத்தில் மறைந்துவிடும் என்பதையும், கேமராவைப் பிடிக்கும் கோணத்தைச் சற்றே மாற்றினால் வானம் விலகி நசுங்கல் வெளிப்படும் என்பதையும் அவர் அந்த இதழிலிருந்துதான் கற்றார். சனிக்கிழமைதோறும் வந்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்து, மடங்கிய மூலைகளை நீவிவிட்டு, இதழை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவார். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்று அவருடைய தாயார் சொல்லி வளர்த்திருந்தார். நூலகத்தின் அட்டை அதற்கு நேர்மாறாகச் சொல்வதை அவர் கவனித்திருந்தார்; எனினும் தாயாருக்கும் அட்டைக்கும் இடையில் அவரால் நடுநிலை வகிக்க இயலவில்லை.

வண்டிகளில் பழகிய கை மனிதர்களையும் அவ்வாறே படமெடுத்தது: முன்புறம், இடப்புறம், வலப்புறம், பிறகு குறையுள்ள பகுதியின் அண்மைப் படம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அப்படி எடுத்த நான்கு படங்களைப் பார்த்த அவருடைய மனைவி, “நான் என்ன இடி வாங்குன பம்பரா?” என்று கேட்டுவிட்டு, அதன்பிறகு அவருடைய கேமராவுக்கு முன்னால் நிற்கவே இல்லை. அந்த நான்கிலும் மனைவியின் கண்கள் இருக்கவேண்டிய இடத்தில், மூக்குக்கண்ணாடியில் இரண்டு வெள்ளைச் சன்னல்கள் இருந்தன.

மனைவி அறிவியல் ஆசிரியை. அடுத்த மாதம் முதல் தேதியில் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்க இருந்தார். முந்தைய தலைமையாசிரியர்கள் ஆறு பேரும் பள்ளியின் நடைவழிச் சுவரில் வரிசையாகத் தொங்கினார்கள். ஏழாவது ஆணி அடிக்கப்பட்டாயிற்று.

“ஸ்டூடியோவுக்குப் போனா சுவருக்கு வெள்ளையடிச்ச மாதிரி ஆக்கி அனுப்புவான்,” என்றார் மனைவி. “உங்களுக்கு ஒரே ஒரு சான்ஸ் தரேன். இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள, என் கண்ணு ரெண்டும் தெரியற மாதிரி ஒரு படம். முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க, அவன்கிட்டயே போயிக்கறேன். வருத்தமெல்லாம் பட மாட்டேன்.”

வருத்தப்பட மாட்டேன் என்று மனைவி சொன்னால் அதற்கு என்ன பொருள் என்பதை இருபத்திரண்டு ஆண்டு இல்லறம் அவருக்குத் தெளிவாகவே கற்பித்திருந்தது.

அவருக்கு நம்பிக்கை இருந்தது. அந்த இதழில் முகங்களைப் படமெடுப்பது பற்றிய பன்னிரண்டு பாடங்கள் தொடராக வந்துகொண்டிருந்தன. நான்கு முடிந்திருந்தன. ஐந்தாம் பாடம், மூக்குக்கண்ணாடி அணிந்தவர்களின் கண்கள் பற்றியது என்று சென்ற இதழ் அறிவித்திருந்தது. மாதத்தின் முதல் சனிக்கிழமை அவர் நூலகத்துக்குச் சென்றபோது, இதழ் இருக்கவேண்டிய இடத்தில் ‘பரிசீலனையில்’ என்று எழுதிய மரப்பலகை ஒன்று நின்றது.

“மேடம், இந்த மாச இதழ் இன்னும் வரலையா?” என்று உதவியாளரிடம் கேட்டார்.

“வந்துடுச்சு சார். கமிட்டிக்குப் போயிருக்கு.”

“படிச்சிட்டு எப்ப திருப்பிக் கொடுப்பாங்க?”

“படிக்கிறதுக்கு இல்ல சார். இனிமே வாங்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்றதுக்கு. இந்தக் காலத்துல ஒளிப்படப் பத்திரிகையை யார் வாங்கறாங்க, எல்லாம்தான் போன்லயே இருக்கேன்னு மேல கேட்டிருக்காங்க. பதிவேட்டை எடுத்துப் பாத்தா, பதினோரு வருஷமா யாருமே படிக்கலை.”

“நான் படிக்கிறேனே.”

“தெரியும் சார். வாராவாரம் பாக்கறேனே.”

“அதை நீங்க சொல்லலாமே?”

“நான் பாக்கறதுக்கெல்லாம் கோடு கிடையாது சார். மேசையில கிடந்தாத்தான் கோடு.” உதவியாளர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “உங்க மேல எனக்கு எத்தனை வருஷக் கோபம் தெரியுமா? ஒரு நாள், ஒரே ஒரு நாள், அசதியில போட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா? மாலுமியைப் பாருங்க. ஒரு வரி படிச்சதில்ல. மூணு பத்திரிகைக்கு வாழ்வு கொடுத்திருக்காரு.”

“சரிம்மா, இன்னைக்கே போட்டுட்டுப் போறேன். அதைக் கொஞ்சம் கொடுங்க.”

“பரிசீலனையில இருக்கறதை யார் கையிலயும் கொடுக்கக் கூடாது சார். யாராவது படிச்சிட்டா, யாரும் படிக்கறதில்லங்கற ஆதாரம் கெட்டுடும்.”

யானை வாயில் போன கரும்பு என்று வீட்டுக்குத் திரும்ப அவருக்கு மனம் வரவில்லை. நகரத்தின் புத்தகக் கடைகளில் விசாரித்தார்; அந்த இதழ் கடைகளுக்கு வருவதை நிறுத்தி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. சந்தா கட்ட முற்பட்டார். புதிய சந்தாதாரருக்கு இரண்டு மாதம் கழித்தே முதல் இதழ் வரும் என்றார்கள். நடப்பு இதழை மட்டும் அனுப்ப இயலுமா என்று பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதினார். ‘தங்கள் ஆர்வத்துக்கு நன்றி. எமது இதழைத் தங்கள் நகர நூலகத்தில் இலவசமாகப் படிக்கலாம்’ என்று பதில் வந்தது.

மீண்டும் நூலகத்துக்கே போனார். உதவியாளர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். அதன் பெயர் ‘வாசகர் இருப்பு உறுதிமொழி’. விண்ணப்பதாரர் படித்ததைத் தம் புலன்களால் உணர்ந்த சாட்சி ஒருவர் அதில் கையொப்பமிட வேண்டும். சாட்சி நூலக ஊழியராக இருத்தல் கூடாது. சனிக்கிழமைகளில் அந்த அறையில் தவறாமல் இருந்த மற்றொருவர் மாலுமி மட்டுமே. மதிப்பீட்டாளர் பணிவுடன் அவரை எழுப்பினார்.

“நீங்க படிக்கறது எனக்கு நல்லாத் தெரியுமே,” என்றார் மாலுமி, முகத்திலிருந்து படகை விலக்கி. “பக்கம் புரட்டற சத்தத்துல எத்தனை தடவை முழிச்சிருக்கேன். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன். மதியத்துக்கு மேல மட்டும் கூப்பிடாதீங்க.”

அவர் அதையே எழுதிக் கையொப்பமிட்டார். குழு அந்தச் சாட்சியத்தை ஏற்றுக்கொண்டு, வாசிப்பறையில் நிலவும் இரைச்சல் குறித்த புகாராகப் பதிவு செய்தது. புகாருக்கு உள்ளான நபர் என்ற முறையில் மதிப்பீட்டாளர் பதினான்காம் தேதி பிற்பகல் நேர்விசாரணைக்கு அழைக்கப்பட்டார்.

குழு அறையில் நீள்மேசைக்குப் பின்னால் மூவர் அமர்ந்திருந்தனர். நடுவில் இருந்த தலைவர் எடையளவுத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வலப்புறம் வாசிப்பியல் வல்லுநரான ஓர் அம்மையார். இடப்புறம் நூலகத்தின் கணினிப் பொறுப்பாளர். மேசையின் மையத்தில், கண்ணாடிக் குண்டு ஒன்றின் கீழ், அந்த மாத இதழ் இருந்தது. சேதங்களைக் கணிப்பதே தொழிலாகக் கொண்ட கண் அதைத் தன்னியல்பாகக் கணித்தது: அட்டையில் தேநீர்க் கோப்பையின் வட்டம் இரண்டு, மடக்கப்பட்ட மூலைகள் ஒன்பது, பச்சை மையில் அடிக்கோடுகள், முதுகுப்புறம் விரிசல். பதினோரு ஆண்டுகளில் தாம் படித்த எந்த இதழும் இவ்வளவு படிக்கப்பட்ட தோற்றத்தில் இருந்ததாக அவருக்கு நினைவில்லை.

“உக்காருங்க,” என்றார் தலைவர். “பயப்பட ஒண்ணும் இல்ல. இங்க எல்லாமே எண்ணிக்கைதான். எண்ண முடியாத எதுவும் இந்த நூலகத்துல நடக்கறதில்ல. நடந்தாலும் எங்களுக்குத் தெரியாது. தெரியாததாலதான் நாங்க நடுநிலையா இருக்க முடியுது.”

வல்லுநர் தொடர்ந்தார். “வாசிப்பைப் பத்தி நான் முப்பத்திரண்டு கட்டுரை எழுதியிருக்கேன். அதனாலேயே எனக்குப் படிக்க நேரம் கிடைக்கறதில்ல. என் ஆய்வுப்படி வாசகர்கள் நாலு வகை. நீங்க எந்த வகையிலயும் வரலை. அதை நான் ஒரு குறையா சொல்லலை. ஆனா ஐந்தாவது வகைன்னு ஒண்ணை ஆரம்பிச்சா வட்டப்படத்துல மறுபடியும் முதல்லேர்ந்து நிறம் அடிக்கணும்.”

“நீங்க போன்லயே பாத்துக்கலாமே?” என்று கணினிப் பொறுப்பாளர் கேட்டார்.

“பாத்தேன் சார். முதல் வீடியோல ஒருத்தர் வந்து, இந்த விளக்கை வாங்குங்கன்னாரு. வாங்கினா கண்ணு தெரியும்னாரு. அடுத்ததா இன்னொருத்தர் வந்து, அந்த விளக்கை வாங்கினவங்க எல்லாம் ஏமாந்தவங்கன்னாரு. மூணாவது ஆளு கண்ணாடியைக் கழட்டிட்டு எடுக்கச் சொன்னாரு.”

“கழட்டிட்டு எடுக்கறதுதானே?”

“எங்க வீட்டம்மாவைக் கண்ணாடி இல்லாம நானே பாத்ததில்லைங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு யாருன்னு தெரியாது.”

கணினிப் பொறுப்பாளர் பரிவுடன் புன்னகைத்தார். “படம் எடுக்கறதை இனிமே யாரும் கத்துக்க வேண்டியதே இல்ல சார். போனே எடுத்துக்கும். நாம பிடிச்சிட்டு நின்னாப் போதும். அடுத்த மாடல்ல நாம நிக்கவும் வேண்டாம்னு சொல்றாங்க. என்னோட போன்ல பதினெட்டாயிரம் படம் இருக்கு. ஒண்ணைக்கூட இன்னும் பாக்கலை. அவ்வளவு வசதி.”

இதன்பின் செயல்முறைச் சோதனை தொடங்கியது. மதிப்பீட்டாளர் உண்மையிலேயே படிக்கக்கூடியவர்தானா என்பதைக் குழு நேரில் காண விரும்பியது. சர்ச்சைக்குரிய இதழைச் சோதனைக்குத் தரலாகாது என்பதால் படகு இதழ் ஒன்று வரவழைக்கப்பட்டது. குழு தன் கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொண்டது. அவர் பதினைந்து நிமிடம் படித்தார். எதைக் கையில் கொடுத்தாலும் ஊன்றிப் படிப்பது அவர் இயல்பு. கயிற்று முடிச்சுகள் பற்றிய கட்டுரையில் ஆழ்ந்துபோய், தம் கைக்குட்டையின் முனையில் ஒரு முடிச்சைப் போட்டும் பார்த்தார். வல்லுநர் மூன்று பக்கக் குறிப்பு எடுத்தார். நேரம் முடிந்தது என்று தலைவர் அறிவித்ததும் மதிப்பீட்டாளர் எழுந்தார், இதழின் மூலைகளை நீவினார், சுவரோர அடுக்குக்கு நடந்து சென்று அதை ஒழுங்காக நிறுத்திவிட்டு வந்தார்.

தலைவர் மேசையைப் பார்த்தார். மேசை வெறுமையாக இருந்தது.

“பயன்பாடு இல்லை,” என்று சொல்லி எழுதிக்கொண்டார்.

வாசல்வரை வந்து வழியனுப்பிய தலைவர், மற்ற இருவருக்கும் கேட்காதவாறு மதிப்பீட்டாளரின் முழங்கையைப் பற்றினார். “உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். குழு சம்பந்தமா இல்ல. ராத்திரி பகலா மண்டையைக் குடையுது. இந்தக் கேமரால வெளிச்சம் புகற துளைக்கு ஒரு எண் இருக்காம். அந்தத் துளை எண் சின்னதாக ஆக, துளை பெரிசாகுதாமே. முப்பத்தாறாம் பக்கத்துல போட்டிருக்கான். அச்சுப் பிழையா?”

“இல்லைங்க. அப்படித்தான்.”

தலைவரின் முகம் இருண்டது. “எங்க துறையில மட்டும் இப்படி ஒரு தராசு வந்திருந்தா அன்னைக்கே சீல் வச்சிருப்போம்,” என்றார். பிறகு, “அந்த ஐந்தாம் பாடம் வேற எங்க பொறுப்பாளருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ரெண்டு வாரமா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயி எடுத்துட்டு வராரு. நாளைக்கு அம்மையார் முறை,” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இருபத்திரண்டாம் தேதிவரை செய்தி இல்லை. வீட்டில் மனைவி ஸ்டூடியோவின் தொலைபேசி எண்ணைக் குறித்த தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தார். இருபத்திமூன்றாம் தேதி காலையில் நூலக உதவியாளர் தொலைபேசியில் அழைத்து உடனே வரச் சொன்னார்.

குழுவின் தீர்மானம் மூன்று பத்திகளில் இருந்தது. ஒளிப்பட இதழ்களை இக்காலத்தில் வாங்குவது பயனுடையதா என்னும் வினா மிக ஆழமானது. அதனை ஒரேயோர் இதழைக் கொண்டு முடிவு செய்வது முறையன்று. ஆகவே வாசகர் பிரிவுக்கு அவ்விதழ் வாங்குவது நிறுத்தப்பட்டு, வாங்கலாமா என்று ஆராயும் பொருட்டு உறுப்பினருக்கு ஒன்று வீதம் மூன்று படிகளும், வெளி ஆய்வாளர் ஒருவருக்கு ஒரு படியுமாக, நடப்பு மாதம் முதல் நான்கு படிகள் வாங்கப்படும். ஆய்வு முடியும்வரை இந்நிலை தொடரும்.

“ஒண்ணு வாங்கறது வீண்னு சொல்லி நாலு வாங்கறாங்க,” என்றார் மதிப்பீட்டாளர், மெதுவாக.

“ஆளுக்கு ஒண்ணு இருந்தாச் சண்டை வராதுல்ல சார். போன வாரம் அந்த அறையில நடந்த ரகளை உங்களுக்குத் தெரியாது.” உதவியாளர் ஒரு தாளை நகர்த்தினார். “வெளி ஆய்வாளர் நீங்கதான். துளை எண்ணை விளக்கத் தெரிஞ்ச ஆள் வேணும்னு தலைவரே சொல்லிட்டாரு. இதுல ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா இதழை இப்பவே வீட்டுக்கு எடுத்துட்டுப் போகலாம்.”

அத்தாளில் ஒரே வாக்கியம் இருந்தது. நடுநிலை கருதி, தாம் இதற்குமுன் எக்காலத்திலும் இவ்விதழைப் படித்ததில்லை என்று ஆய்வாளர் உறுதி கூற வேண்டும்.

“பதினோரு வருஷம் படிச்சிருக்கேனேம்மா. எப்படி இதுல கையெழுத்துப் போடறது?”

“படிச்சேன்னு நீங்க சொல்றது உங்க ஞாபகம். படிக்கலைன்னு நாங்க வச்சிருக்கறது பதிவேடு. உங்க ஞாபகத்துல எங்கயாவது ஒரு கோடு இருக்கா?”

அவர் தேதியை நினைத்துக்கொண்டார். கையொப்பமிட்டார்.

ஐந்தாம் பாடம் இரண்டு பக்கம். அதில் ஒரு பக்கம் முழுவதும் ஒரு லென்ஸின் விளம்பரம். மறுபக்கத்தின் பெரும்பகுதியில், கட்டுரையாளர் தாம் பெற்ற பரிசுகளையும் அவற்றைப் பெற்ற நாள்களின் வானிலையையும் நினைவுகூர்ந்திருந்தார். எஞ்சிய ஆறு வரிகளில் பாடம் இருந்தது. வெளிச்சம் உயரத்திலிருந்து வரட்டும். கண்ணாடியின் காதுக்கம்பிகளைக் காதுமடலிலிருந்து ஒரு விரற்கடை உயர்த்துங்கள். கண்ணாடி அந்த அளவுக்குக் கீழ்நோக்கிச் சாயும், பிரதிபலிப்பு தரைக்குப் போய்விடும். மதிப்பீட்டாளர் அந்த ஆறு வரிகளையும் இரண்டு முறை படித்தார். கறுப்பு வண்டிகளின் கதவுகளிலிருந்து வானத்தை விலக்கத் தாம் பதினோரு ஆண்டுகளாகச் செய்துவந்ததும் ஏறக்குறைய இதுவே என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. மனைவியை ஒரு கதவாகக் கருதிப் பார்க்க அவருக்கு இதுவரை துணிவு வந்ததில்லை.

மறுநாள் பிற்பகல், படுக்கையறைச் சன்னலருகே மனைவியை அமர்த்தினார். சன்னலின் கீழ்ப்பாதியைப் போர்வையால் மறைத்தார். பிறகு குனிந்து, இரண்டு கைகளாலும் மூக்குக்கண்ணாடியின் கம்பிகளைக் காதுகளுக்கு மேலே மெல்ல உயர்த்தினார். மனைவி மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தார்.

“என்ன பண்றீங்க? காது சரியா இருக்கான்னு பாக்கறீங்களா?”

“ஆடாத. கம்பி இறங்கிடும்.”

“முன்னாடி, இடது, வலதுன்னு சுத்தி வர மாட்டீங்களே?”

“ஒண்ணே ஒண்ணுதான்.”

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. அதை அவர் அடக்க முயன்ற கணத்தில் கேமரா ஒலித்தது.

படத்தை மனைவி நெடுநேரம் பார்த்தார். இரண்டு கண்களும் இருந்தன. அவற்றைச் சுற்றிலும், இருபது ஆண்டு விடைத்தாள் திருத்தியதன் சுருக்கங்கள் ஒன்று விடாமல் இருந்தன. எழுந்து சமையலறைக்குப் போனார். குளிர்பதனப் பெட்டியின் கதவிலிருந்து ஒரு தாள் கிழிபடும் ஓசை கேட்டது. திரும்பி வந்தபோது கணவர் மேசையில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு பேனாவுடன் அமர்ந்திருந்தார்.

“அது என்ன?”

“ஆய்வாளர் அறிக்கை. மாசாமாசம் கொடுக்கணும். இந்தப் பத்திரிகை வாங்கறது பிரயோஜனமா இல்லையான்னு.”

“பிரயோஜனமாத்தானே இருந்துச்சு. அப்படியே எழுதிட வேண்டியதுதானே?”

“பிரயோஜனம்னு எழுதினா ஆய்வு முடிஞ்சிடும். பத்திரிகை பழையபடி அடுக்குக்குப் போகும். அங்க இனிமே மாசம் நாப்பது கோடு விழணுமாம். விழலைன்னா நிறுத்திடுவாங்க. நாப்பது கோட்டுக்கு நான் பாயைச் சுருட்டிட்டுப் போயி அங்கயே குடியேறணும்.”

“பிரயோஜனம் இல்லைன்னு எழுதினா?”

“அன்னைக்கே நிறுத்திடுவாங்க. மூணாவதா ஒண்ணு இருக்கு. ‘முடிவுக்கு வர இயலவில்லை, மேலும் ஆராய வேண்டும்.’ அப்படி எழுதினா வந்துட்டே இருக்கும்.”

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தார். தம் பணிக்காலத்தில் எந்த மாணவருக்கும் தகுதிக்கு மேல் அரை மதிப்பெண் போட்டவரல்லர். “தெரிஞ்ச விடையைத் தெரியலைன்னு எழுதறது தப்புங்க,” என்றார். “என் கிளாஸ்ல யாராவது அப்படி எழுதினா வெளியில நிக்க வைப்பேன்.”

“எனக்கும் அதுதான் யோசனையா இருக்கு.”

மனைவியின் பார்வை மறுபடியும் கேமராத் திரையில் இருந்த தம் முகத்துக்குப் போயிற்று.

“அடுத்த மாசம் என்ன பாடம்?”

“பக்கவாட்டு முகம். மோவாய்க்குக் கீழ சதை தெரியாம எடுக்கறது எப்படின்னு.”

மனைவி தம் மோவாயைப் புறங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி, அதைக் கணவரின் விரல்களுக்கிடையில் வைத்தார்.

“ஆராயணும்னே எழுதுங்க,” என்றார். “நல்லா ஆராயணும்னு எழுதுங்க.”